கார்டைக் கழற்றியது யார்?

(தேசியப் பாதுகாப்பு வாரத்தையொட்டி, வெல்டிங் மற்றும் கிரில் பட்டறைத் தொழிலாளர்களும் உரிமையாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4-ஆம் தேதியைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். 1966-இல் அந்தத் தேதியில்தான் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைகளில் கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்கிற நம் பட்டறைகளின் வாசலை அந்த நாள் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த அழைப்பு வந்ததும் உடனே ஒப்புக்கொண்டேன். நேரத்தை வீணாக்காமல், ஒரே வகைக் கருவியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். கையில் பிடித்துக்கொண்டே சுழல விடுகிற கருவி.

மேசையில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். ஒன்று நீங்கள் தினமும் தூக்கும் ஏ.ஜி.4, அதாவது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். மற்றது அதைவிடச் சின்னது. அச்சு செதுக்குகிறவர்களும் மரச் சிற்பிகளும் நகை வேலைக்காரர்களும் நுணுக்க வேலைக்கு வைத்துக்கொள்ளும் ரோட்டரி டூல். சின்னதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பெரியதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்மிடையே அதிகம் ரத்தம் பார்த்தது அதுதான்.

ஏ.ஜி.4 மெஷின்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 11,000 சுற்றுப் போகின்றன. நிமிடக் கணக்காகச் சொன்னால் மனத்தில் தைக்காது. நொடிக்கு 183 சுற்று. டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஏதோ தவறாகிறது என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை விலகுவதற்கு நல்ல துடிப்பான இளைஞனுக்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் டிஸ்க் 36 முறை சுற்றிவிடும். அதன் விளிம்பு 11 மீட்டர் தூரம் ஓடி முடித்திருக்கும்.

இதைக் கேட்ட பிறகு, "கவனமா வேலை பாருப்பா" என்று சொல்லி மெஷினைக் கொடுப்பது எவ்வளவு பாதுகாப்பு தரும் என்று யோசித்துப் பாருங்கள். கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனிதனின் கவனத்துக்கு இந்த வேகம் இல்லை. விபத்து நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த டிஸ்க் மாட்டினோம், டிஸ்க்கை மறைக்கும் கார்டு இருக்கிறதா, பொருளை எதில் பிடித்தோம், கண்ணில் என்ன போட்டிருக்கிறோம் என்பதெல்லாம் மெஷின் சுற்றத் தொடங்கும் முன் எடுத்த முடிவுகள். ஆஸ்பத்திரியில் போய் நின்றதும் எல்லோரும் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அடிபட்ட பையனும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொல்கிறான். எனக்கு அந்த வார்த்தையின் மேல் கோபம் உண்டு.

இந்த மெஷினைப் புதிதாக வாங்கிப் பெட்டியைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். உள்ளே மெஷினோடு கார்டு இருக்கும், பக்கவாட்டில் திருகி மாட்டும் கைப்பிடி இருக்கும், நட்டைக் கழற்றும் இரண்டு முள் ஸ்பேனர் இருக்கும். ஜெர்மனியில் ஃப்ளெக்ஸ் கம்பெனி 1954-இல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டு வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் இந்த மெஷினையே ஃப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்தன, விலை குறைந்தது, எடை குறைந்தது. கார்டையும் கைப்பிடியையும் மட்டும் யாரும் விட்டுவிடவில்லை. நம் பட்டறைக்கு வந்த பிறகுதான் அவை காணாமல் போகின்றன. கார்டு ஸ்கிராப் மூட்டைக்குப் போகிறது. கைப்பிடி எங்கோ தொலைகிறது. ஸ்பேனர் இல்லாததால் நட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றுகிறோம். அந்தத் தட்டலில் டிஸ்க்கின் நடுவில் விழும் மயிரிழை விரிசல் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கார்டை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் "கார்டு போட்டா வேலைக்கு எடைஞ்சல்ணே" என்பார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிரில்லின் உள்மூலையில் வெல்டிங் முடிச்சைத் தேய்க்கும்போது கார்டு முட்டும்தான். ஆனால் கார்டைத் திருப்பி வைக்க முடியும். லீவரையோ ஸ்குரூவையோ தளர்த்தி வேண்டிய கோணத்துக்குச் சுற்றி மறுபடி இறுக்க அரை நிமிடம் ஆகாது. அப்படியும் நுழையாத மூலைக்கு அரம் இருக்கிறது, டை கிரைண்டர் இருக்கிறது.

இடைஞ்சல் என்பது வெளியே சொல்லும் காரணம். உண்மைக் காரணம் பல இடங்களில் வேறு. அஞ்சு இஞ்ச் மெஷினிலும் ஏழு இஞ்ச் மெஷினிலும் தேய்ந்துபோன டிஸ்க்கை வீணாக்காமல் நாலு இஞ்ச் மெஷினில் மாட்டி ஓட்டுவதற்காகக் கார்டு கழற்றப்படுகிறது. சில நேரம் முழு டிஸ்க்கையே மாட்டுகிறார்கள். துளை வேறு, நாலு இஞ்சுக்கு 16 மில்லி, மற்ற இரண்டுக்கும் 22 மில்லி. வாஷரைச் செருகி ஒப்பேற்றுகிறோம். ஏழு இஞ்ச் டிஸ்க்கின் மேல் 8,500 என்று அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் சுற்றக் கூடாது என்று பொருள். அதை 11,000 சுற்று மெஷினில் மாட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லையே என்று தோன்றும். ஆனால் டிஸ்க்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும். அது தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அளவைவிட மூன்றில் இரண்டு பங்கு அதிகச் சுமையைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே, மறைப்பும் இல்லாமல் ஓட்டுகிறோம்.

கையில் இருக்கும் இந்த டிஸ்க்கைக் கொஞ்சம் பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, நானே படித்துச் சொல்கிறேன். 100, 6, 16 என்று மூன்று எண்கள். விட்டம் 100 மில்லி, கனம் 6 மில்லி, துளை 16 மில்லி. அதன் கீழே 80 மீட்டர் நொடிக்கு, 15,300 சுற்று நிமிடத்துக்கு. ஆக, நம் மெஷினின் 11,000-க்கு இது தாராளமாகத் தாங்கும். பக்கத்தில் கண்ணாடி படம், காது மூடி படம், உடைந்த டிஸ்க்கின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் படமாகப் போட்டிருக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் இந்தத் தகர வளையத்தை நம்மில் பலர் உற்றுப் பார்த்ததே இல்லை. நல்ல கம்பெனி டிஸ்க்காக இருந்தால் அதில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. ஆமாம், டிஸ்க்குக்கும் காலாவதி உண்டு. இது வெறும் கல் இல்லை. அலுமினியம் ஆக்சைடு மணிகளைப் பிசினில் குழைத்து, உள்ளே கண்ணாடி இழை வலையை வைத்து, அழுத்திச் சுட்டு எடுத்தது. மணி எத்தனை வருடமானாலும் கெடாது. பிசின் ஈரத்தைக் குடிக்கும், வலுவிழக்கும். அதனால்தான் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று கணக்கு. நம் பட்டறையில் டிஸ்க் எங்கே இருக்கிறது? சிமெண்டுத் தரையில், கதவோரத்தில், சாரல் அடிக்கிற இடத்தில். ஒரு பக்கம் நனைந்த டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் எடை கூடும், சுற்றும்போது மெஷின் உதறும். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகலாம், இழந்த வலு திரும்பாது. ஒரு தகர டப்பாவில், உயரமான அலமாரியில், படுக்கை வாட்டில் அடுக்கி வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி. ஃப்ளெக்ஸ் மெஷின் வந்த அதே 1954-இல்தான் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து கார்பொரண்டம் யூனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் சாணைச் சக்கரங்கள் தயாராகத் தொடங்கி இத்தனை காலம் ஆகிறது. நல்ல டிஸ்க் நமக்குக் கிடைக்காத பொருள் இல்லை. எண் எதுவும் அச்சிடாத, வளையத்தில் தேதி இல்லாத டிஸ்க்கைப் பத்து ரூபாய் குறைவு என்பதற்காக வாங்குகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டிங் வீலால் தேய்ப்பது இன்னொரு பழக்கம். ஒரு மில்லி, ஒன்றே கால் மில்லி கனமுள்ள வீல் நேராக வெட்டுவதற்காகச் செய்தது. வெட்டி முடித்த கையோடு, மாற்றச் சோம்பல்பட்டு, பிசிறை அதன் பக்கவாட்டால் தேய்க்கிறோம். பக்கவாட்டு அழுத்தத்தை அது தாங்காது, சிதறும். சிதறிய துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு இருந்தால் நம் பக்கம் வருவதை அது வாங்கிக்கொள்ளும். புதிய டிஸ்க் மாட்டியதும் முகத்தையும் ஆட்களையும் விட்டு விலக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். கெட்டுப்போன டிஸ்க் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, பொருளைப் பிடிக்கும் விதம். இங்கே இருக்கும் யாரும் பார்க்காத காட்சி இல்லை. தரையில் இரண்டு செங்கல். அதன் மேல் ஸ்கொயர் டியூப். செருப்புக் காலால் டியூபை மிதித்துக்கொண்டு, குனிந்து, ஒரு கையால் மெஷினைப் பிடித்து இரண்டு செங்கல்லுக்கும் நடுவே வெட்டுகிறார். மேல்பக்கம் வெட்டுப்பட்டு டிஸ்க் அடிப்பக்கம் நெருங்கும்போது என்ன நடக்கிறது? தாங்குவதற்கு நடுவில் எதுவும் இல்லாததால் டியூப் கீழே வளைகிறது. வெட்டுவாயின் இரண்டு உதடும் நெருங்கி டிஸ்க்கைக் கவ்வுகின்றன. மோட்டார் நிற்காது. கவ்விய இடத்தை ஊன்றுகோலாக வைத்து மெஷினே எகிறி வெளியே வரும். ஒரு கைப் பிடியில் அது நிற்காது. வரும் வழியில் இருப்பது மிதித்திருக்கும் கால், தொடை, குனிந்திருந்தால் கழுத்து.

டியூபை வைஸில் கடித்துப் பிடிக்க வேண்டும். சைட்டில் வைஸ் இல்லையென்றால் இரண்டு ஜி கிளாம்ப் போதும். வெட்டும் இடத்தை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் தாங்கு கொடுத்து, வெட்டுப்பட வேண்டிய துண்டைத் தொங்க விடுங்கள். வெட்ட வெட்ட அது கீழே இறங்கும், வாய் அகலும், டிஸ்க் சிக்காது. நீங்கள் டிஸ்க்கின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். இரண்டு கையும் மெஷினில். வெட்டு பாதியில் நின்றால் டிஸ்க்கை உள்ளே வைத்தபடி ஸ்விட்சைப் போடக் கூடாது. வெளியே எடுத்து, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக இறக்குங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் டிஸ்க் சில நொடி சுற்றும். அது நிற்கும் முன் தரையில் வைப்பதும் மடியில் சாய்ப்பதும் வேண்டாம்.

கார்பென்டர் நண்பர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். மரம் வெட்டும் பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி ஓட்டுவது இப்போது எல்லா சைட்டிலும் நடக்கிறது. இதில் பாதி வழி என்று எதையும் நான் சொல்லப் போவதில்லை. செய்யாதீர்கள். தேய்க்கிற டிஸ்க் சிக்கினால் தேய்ந்தாவது போகும். பல் பிளேடு மரத்தின் முடிச்சில் கடித்துக்கொண்டால் அப்படியே பின்னால் பாயும். மரம் வெட்டும் சர்க்குலர் சா மெஷினில் அகலமான அடித்தட்டு உண்டு, தானே மூடிக்கொள்ளும் கார்டு உண்டு, வேகம் ஏறக்குறைய பாதி. கிரைண்டரில் இவை எதுவும் இல்லை. கூலி வேலைக்குத் தனி மெஷின் வாங்க முடியாது என்கிறவர்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு சர்க்குலர் சா மெஷினை வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள்.

சின்ன மெஷினுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆல்பர்ட் டிரெமல் என்பவர் 1932-இல் தொடங்கிய கம்பெனியால் உலகெங்கும் பெயர் பெற்ற வகை இது. கைக்கு அடக்கமாக இருப்பதால் பயமே வராது. ஐ.டி.ஐ. பிள்ளைகள் இதை வீட்டில் படுக்கையில் உட்கார்ந்துகூட ஓட்டுகிறார்கள். இதன் வேகம் 30,000, 35,000 வரை போகும். 32 மில்லி விட்டமுள்ள குட்டி டிஸ்க் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 50 மீட்டர். நாலு இஞ்ச் கிரைண்டரின் 57-க்குக் கொஞ்சம்தான் குறைவு. நகம் போல மெல்லிய அந்த டிஸ்க் சற்றே சாய்ந்தால் உடையும். உடையும் துண்டு எங்கே என்றுகூடத் தெரியாது, கண்ணில் குத்திய பிறகுதான் தெரியும். இதில் பெரும்பாலும் கார்டு கிடையாது, அதனால் கண்ணாடிதான் கார்டு. பிட்டின் தண்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டினால் தண்டு வளைந்து சாட்டையாக அடிக்கும். செதுக்கும் பொருளை விரலில் பிடிக்காமல் சின்ன வைஸில் பிடியுங்கள். இதற்குத் தளர்வான நூல் கையுறை ஆகாது. பிட் நூலைப் பற்றி விரலோடு சுருட்டும். கையில் கட்டிய சாமிக் கயிறு, கழுத்துச் சங்கிலி, தோள் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பெரிய கிரைண்டருக்கு மட்டும் கையோடு ஒட்டிய தோல் கையுறை போடலாம்.

கண்ணைப் பற்றிச் சற்று அதிக நேரம் பேச அனுமதி கொடுங்கள். விரல் போனால் ஊருக்கே தெரியும். கண் போவது வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி எரியும் இரும்புத் துகள். அது கருவிழியில் ஒட்டிக்கொள்ளும்போது பல நேரம் அந்த நிமிடம் பெரிய வலி இருக்காது. "தூசி விழுந்துடுச்சு" என்று கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறார். ராத்திரி உறுத்தல் தாங்காது. பட்டறையில் ஒரு கைதேர்ந்தவர் இருப்பார். துணி நுனியையோ தீக்குச்சியையோ வைத்து எடுத்துவிடுவார். சில வீடுகளில் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் நாக்கால் தடவி எடுப்பார்கள். அன்புதான், உதவிதான், ஆனால் இது ஆபத்து. இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே கருவிழியில் துருப்பிடித்து வளையமாகப் படிகிறது. துகளை மட்டும் தட்டிவிட்டால் துரு உள்ளேயே இருக்கும். அழுக்குத் துணியால் கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் புண், புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு, அதன் வழியாகப் பார்வை தெரியாது. கண் டாக்டர் மரப்புச் சொட்டு விட்டு, நுண்ணோக்கியின் கீழ் துகளையும் துருவையும் சேர்த்து எடுத்துவிடுவார். காலையில் போனால் மதியம் வீட்டில் இருக்கலாம். அதற்கு ஒரு நாள் கூலியோடு விடுப்புக் கொடுங்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

டிஸ்க் உடைந்தோ இரும்பில் இரும்பு மோதியோ தெறித்த துண்டு கண்ணைத் துளைத்து உள்ளேயும் போகலாம். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். பார்வை மங்கினாலோ, கருமணியின் வட்டம் கோணலானாலோ கண்ணை அழுத்தாமல், கழுவாமல், ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். எப்போதாவது உங்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கிரைண்டர் வேலை செய்தவன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் தெரியாமல் தங்கிவிட்ட இரும்புத் துகளை அந்தக் காந்தம் இழுத்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் வழி திறந்திருக்கிறது, அதன் வில்லையும் உடையும். பாலிகார்பனேட் வில்லையுள்ள, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். டிஸ்க்கால் வெட்டும்போது அதன் மேல் முகத்தை மூடும் ஷீல்டும் வேண்டும். கீறல் விழுந்து மங்கிய கண்ணாடியைக் கொடுத்துவிட்டு "போட மாட்டேங்கிறான்" என்று குறை சொல்லாதீர்கள். தெளிவாகத் தெரியாத கண்ணாடியை எவரும் கழற்றத்தான் செய்வார்கள்.

கல் வெட்டுகிறவர்களுக்குக் கண்ணோடு நுரையீரலும் சேர்கிறது. மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் சிற்பக் கல்லூரி தொடங்கிய ஊர், 2015-இல் உலகக் கைவினை நகரம் என்று பெயர் பெற்றது, 2017-இல் அதன் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உளிச் சத்தம் கேட்ட பட்டறைகளில் இன்று வைரப் பிளேடு மாட்டிய கிரைண்டர் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. நாள் கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஆனால் உளி உதிர்க்கும் சில்லு காலடியில் விழும், கிரைண்டர் கிளப்பும் தூள் மூச்சில் ஏறும். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தச் சிலிக்காவின் மிக நுண்ணிய தூள் கண்ணுக்கே தெரியாது. நுரையீரலின் அடியில் போய்த் தங்கி, தழும்பாக்கி, மூச்சை இறுக்கும். அதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோயும் எளிதில் பற்றும். 1997-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தியது. சமையலறை மேடைக்கு வரும் செயற்கைக் குவார்ட்ஸ் ஸ்லாபில் சிலிக்கா இன்னும் அதிகம். அதை வெட்டியவர்கள் இளவயதிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் அபார்ட்மெண்ட்டுகளில் அதே கல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உலர்வாக வெட்டுகிறார்கள்.

மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. எதற்கும் முன்னால், தூளைக் கிளம்ப விடாமல் தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். அதற்கென்றே தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டர் வருகிறது. சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும், அதைச் செய்யாதீர்கள். தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் தூசி உறிஞ்சும் கவர். இரண்டிலும் முகத்தில் இறுக்கமாகப் பதியும் என்95 மாஸ்க்.

கரண்ட் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சைட்டில் பிளக் உடைந்துவிட்டால் ஒயர் முனையைச் சாக்கெட்டில் நேரடியாகச் செருகி, தீக்குச்சியை வைத்து இறுக்குகிறோம். டேப் சுற்றிய ஒயர் ஈரத் தரையில் கிடக்கிறது. போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு தெரிந்த கணமே துண்டித்துவிடும், உயிர் நிற்கும். மின்வெட்டு நேரத்தில் இன்னொரு ஆபத்து. வேலை நடுவில் கரண்ட் போகிறது, ஸ்விட்சை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டு மெஷினைக் கீழே வைத்து டீ குடிக்கப் போகிறார்கள். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்து தரையில் துள்ளுகிறது. கரண்ட் போன உடனே கை செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்விட்சை அணைப்பது. டிஸ்க் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொருவர் செருகாமல் இருக்க. பெட்ரோல் டேங்க், பெயிண்ட் டிரம், தின்னர் டின் எதையும் காலிதானே என்று வெட்டாதீர்கள். காலி டிரம்மில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடிபட்டுவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, உயர்த்தி வைத்து, 108-ஐ அழையுங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் வைக்காதீர்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துப் போங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

உரிமையாளர்களிடம் பேச வேண்டியதை வெளிப்படையாகவே பேசுகிறேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சுழலும் இயந்திரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று 21-ஆம் பிரிவிலும், கண் பாதுகாப்பு வேண்டும் என்று 35-ஆம் பிரிவிலும் சொன்னது. மின்விசை ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது பொருந்தியது. நம் பட்டறைகள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றன, ஆய்வாளர் வந்ததில்லை. 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு கண் போனால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் இழப்பு, கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. மூன்று பேர் பட்டறையானாலும் இழப்பீட்டுத் தொகையைக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஒரு கார்டின் விலையையும் ஒரு கண்ணாடியின் விலையையும் அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தொழிலாளர்களும் நல வாரியப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, புதிதாக ஹெல்பராகச் சேரும் பையனிடம் நாம் நடந்துகொள்ளும் முறை. வெல்டிங் ஹோல்டரை அவன் கையில் கொடுக்க ஒரு வருடம் யோசிக்கிறோம். கிரைண்டரை முதல் நாளே கொடுத்துவிடுகிறோம், தேய்க்கிற வேலைதானே என்று. கார்டு இல்லாத மெஷினைத்தான் அவன் முதன்முதலில் பார்க்கிறான். மெஷின் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். அவனுக்குக் கார்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாளைக்கு அவன் விரல் போனால், அதை அவனுடைய கவனக்குறைவு என்று எழுத நமக்கு எந்த நியாயமும் இல்லை. கார்டைக் கழற்றியது அவன் இல்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையாக இருந்தால் அவன் கையில் இந்த மெஷின் இருக்கவே கூடாது.

ஐ.டி.ஐ. தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போகும் இடத்தில் கார்டு இல்லாத மெஷினைக் கொடுத்தால், "அண்ணே, கார்டு எங்கே இருக்கு, மாட்டிக்கிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். கேட்பவர் ஒருவர் இருந்தால் தேடி எடுத்துக் கொடுப்பவரும் இருப்பார்.

நாளைக் காலை பட்டறையைத் திறந்ததும், வேலை தொடங்கும் முன், உங்களிடம் இருக்கும் எல்லா மெஷினையும் மேசையில் எடுத்து வையுங்கள். ஒயரையும் பிளக்கையும் பாருங்கள். டிஸ்க் வளையத்தில் இருக்கும் தேதியைப் படியுங்கள். கார்டும் கைப்பிடியும் இல்லாத மெஷினை ஒயரைச் சுருட்டிப் பூட்டி வைத்துவிடுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டும் கிடைக்கும். வாங்கி மாட்டிய பிறகு வெளியே எடுங்கள்.